கைதட்டியதைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம்

வெள்ளிக்கிழமை ஆபீசில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரியும். ஸ்க்ரீன்ஷாட்டை எனக்கே மூன்று பேர் அனுப்பினார்கள், நானும் அதே ஆபீஸ் குரூப்பில்தான் இருக்கிறேன் என்பதை மறந்து. அதனால் முழுக்கதை சொல்லப் போவதில்லை. ஆரோக்கிய வாரம் என்று மேடையேற்றினார்கள், 118 கிலோவிலிருந்து 76-க்கு வந்ததைப் பற்றிப் பேசச் சொன்னார்கள், பேசினேன், தட்டினார்கள். கடைசியில் ஒரு பெண் எழுந்து என்ன டயட் என்று கேட்டாள். டயட் இல்லைம்மா, ஸ்லீவ் சர்ஜரி, இரைப்பையை வெட்டிச் சின்னதாக்குவது என்றேன். அன்றிரவே குரூப்பில் அந்த மெசேஜ். "சர்ஜரின்னு முதல்லயே சொல்லியிருந்தா கை தட்டியிருக்கவே மாட்டேன். குறுக்கு வழிக்கெல்லாம் எதுக்குப் பாராட்டு?" கீழே பதினோரு கட்டைவிரல். ஆமாம், எண்ணினேன்.

தாராளமாகக் கைதட்டலைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் சார். அதை நான் வீட்டுக்குக் கொண்டுபோய் ஷோகேஸில் வைக்கவில்லை. ஆனால் அந்தக் "குறுக்கு வழி" மட்டும் தொண்டைக்குள் இறங்க மறுக்கிறது. (இப்போதெல்லாம் பல விஷயங்கள் இறங்க மறுக்கின்றன, அது வேறு.)

குறுக்கு வழி என்றால், எல்லாரும் சுற்றிப் போகும் ஊருக்கு நாம் மட்டும் சுற்றாமல் போவது. நான் சுற்றாத சுற்றா? முதல் டயட் பதினாறு வயதில். சர்ஜரி 2021-இல், முப்பத்தெட்டு வயதில். நடுவில் இருபத்திரண்டு வருஷம். பன்னிரண்டு கிலோ குறைத்தேன், பதினைந்து ஏறியது. இருபது குறைத்தேன், அந்தத் தடவை எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள், இரண்டே வருஷத்தில் இருபத்தாறு ஏறியது. குறைத்ததையெல்லாம் கூட்டினால் என்னைப் போல இன்னொரு முழு ஆள் வரும். அவளும் குண்டாகத்தான் இருப்பாள். இருபத்திரண்டு வருஷம் சுற்றிவிட்டு வந்தவளைப் பார்த்துக் குறுக்கே வந்துவிட்டாய் என்கிறார்கள்.

அடுத்து என்ன சொல்வார்கள் என்பதும் தெரியும். "வாயைக் கட்டினால் போதுமே." இதைச் சொல்லும் யாரும் வாயைக் கட்டிப் பார்த்ததில்லை. அமெரிக்காவில் ஒரு டிவி போட்டி, முப்பது வாரத்தில் யார் அதிகம் குறைக்கிறார்கள் என்று. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்து மறுபடி சோதித்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். குறைத்ததில் பெரும்பகுதி திரும்ப ஏறியிருந்தது. அது பெரிய செய்தியில்லை, நமக்குத் தெரிந்த கதைதான். செய்தி என்னவென்றால், அந்த உடம்புக்கு ஒரு நாளில் எவ்வளவு எரிய வேண்டுமோ அதைவிடச் சுமார் 500 கலோரி குறைவாகவே எரிந்துகொண்டிருந்தது, ஆறு வருஷத்துக்குப் பிறகும். எடை திரும்பி வந்துவிட்டது, உடம்பு மட்டும் இன்னும் பஞ்சம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. இதைப் படித்த அன்று நான் அழுதேன் என்றால் சிரிப்பீர்கள். பரவாயில்லை. இருபத்திரண்டு வருஷமாக அதற்கு என் குணக்கேடு என்று பெயர் வைத்திருந்தேன்.

சரி, அந்தச் சுலபமான வழியில் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். சர்ஜரிக்கு முன் இரண்டு வாரம் பெரும்பாலும் திரவம்தான். ஈரலில் கொழுப்பு சேர்ந்து வீங்கியிருந்தால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரைப்பையை எட்ட முடியாது, அதனால் முதலில் அது சுருங்க வேண்டும். அப்புறம் இரைப்பையில் ஐந்தில் நான்கு பங்கை வெட்டி வெளியே எடுத்துவிடுவார்கள். மிச்சம் ஒரு குழாய். வேண்டாமென்று தோன்றினால் திரும்ப வைக்க முடியாது. முதல் வாரம் மருந்துக் குப்பி மூடி அளவு தண்ணீரை ஒரு மணி நேரமாக உறிஞ்சிக்கொண்டிருந்தேன். ஒரு முழு முட்டையைச் சாப்பிட எத்தனை வாரம் ஆனது என்பதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். மூன்றாம் மாதம் முடி கொட்ட ஆரம்பித்தது, சீப்பில் அல்ல, கையில். திரும்ப முளைக்கும் என்று முதலிலேயே சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள், முளைக்கவும் செய்தது, ஆனால் குளியலறையில் நிற்கும்போது அதெல்லாம் ஞாபகம் வராது.

இன்றைக்கும், நான்கு வருஷம் கழித்தும், சாப்பிடும்போது தண்ணீர் குடிப்பதில்லை, முடித்து அரைமணி நேரம் பொறுக்க வேண்டும். ஒரு வாய் கூடிப்போனால் நெஞ்சில் கல் வைத்தது போல நிற்கும், வாயெல்லாம் நுரை ஊறும், விருந்துக்கு நடுவில் எழுந்து ஓட வேண்டும். பி12, இரும்பு, வைட்டமின் டி, கால்சியம் மாத்திரைகள், வாழ்நாள் முழுக்க. இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போடக் கூடாது, இரண்டு மணி நேரம் இடைவெளி விட வேண்டும், ஒன்று மற்றொன்றை உடம்பில் சேரவிடாது. அதற்காகவே போனில் நான்கு அலாரம். அப்புறம் தோல். வயிற்றிலும் கையிலும் தொங்கும் தோல், அதை யாரும் ஆரோக்கிய வாரத்தில் கேட்பதில்லை. 71 வரை போய் 76-க்கு ஏறியிருக்கிறேன், அந்த ஐந்து கிலோவோடு தினமும் மல்லுக்கு நிற்கிறேன். கத்தி வேலையை முடித்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு இந்த ஐந்து கிலோவை அன்பளிப்பாகத் தருகிறேன்.

கத்தி என்ன செய்தது என்று கேட்டால் ஒன்று சொல்வேன். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேல்பகுதியில்தான் சுரக்கிறது. 1999-இல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள், எனக்குப் பதினாறு வயது, சரியாக முதல் டயட் வருஷம், என்ன பொருத்தம் பாருங்கள். ஸ்லீவில் அந்தப் பகுதி போய்விடும். சர்ஜரி முடிந்த இரண்டாம் வாரம் ஒரு மதியம், வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, என் தலைக்குள் சாப்பாடு, சாப்பாடு என்று எப்போதும் ஓடும் அந்தச் சத்தம் இல்லை. ஃபிரிட்ஜ் ஓடி நின்ற பிறகுதான் அது ஓடிக்கொண்டிருந்ததே தெரியுமே, அந்த மாதிரி. அப்போதுதான் உறைத்தது, மற்றவர்கள் எல்லாரும் இப்படித்தான் வாழ்கிறார்கள். என்னை அளவோடு சாப்பிடச் சொன்னவர்களுக்கெல்லாம் இந்த அமைதி பிறந்ததிலிருந்தே இலவசமாகக் கிடைத்திருக்கிறது. அப்படியானால் குறுக்கு வழியில் வந்தது யார் சார்?

ஆபத்து இல்லையா என்று கேட்பவர்களிடம் எனக்குக் கோபமில்லை. இருக்கிறது. தையல் போட்ட இடத்தில் கசிவு வரலாம், ரத்தம் கட்டலாம், நெஞ்செரிச்சல் நிரந்தரமாகலாம். கையெழுத்துப் போடும்போது என் கை நடுங்கியது. ஆனால் சர்ஜரி செய்யாமல் இருப்பதில் மட்டும் ஆபத்தே இல்லை என்பது போலப் பேசுகிறார்களே, அதுதான் புரியவில்லை. ஸ்வீடனில் 1987-இல் ஆரம்பித்து நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு இருக்கிறது, 2007-இல் வந்த முடிவில் சர்ஜரி செய்தவர்களிடம்தான் இறப்பு குறைவு. அது பழைய காலத்து முறைகளை வைத்தே. ஆய்வை விடுங்கள். என் கணவர் ராத்திரி தூங்க மாட்டார். தூக்கத்தில் எனக்கு மூச்சு நிற்கும், அவர் இருட்டில் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருப்பார், இருபது தாண்டினால் தட்டி எழுப்புவார். இதை அவர் என்னிடம் சொன்னதே சர்ஜரி முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான். இப்போது நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்குகிறார், நான்தான் முழித்திருக்கிறேன்.

"இப்ப எடை குறைக்கிற ஊசி வந்துடுச்சே, அதைப் போட்டிருக்கலாமே" என்பவர்களே, போட்டிருந்தால் அதையும் குறுக்கு வழி என்பீர்கள். அடுத்தவர்.

"உங்களைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் எல்லாம் சர்ஜரிக்கு ஓடுவார்கள்." இதை எழுதியவர் என் நெருங்கிய தோழி, அதனால் கொஞ்சம் வலித்தது. யாரும் ஓட முடியாதடி. பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, அதைப் பார்ப்பார்கள், சர்க்கரை பார்ப்பார்கள், மனநல ஆலோசகர் அரைநாள் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார். அப்போது என் பிஎம்ஐ 46. மேடையில் பொய் சொல்லியிருந்தால், தினமும் நடந்தேன், இனிப்பை விட்டேன் என்று சொல்லியிருந்தால், உனக்குப் பிரச்சினையே இல்லை, இல்லையா? நம் வீட்டில் பெரியவர்கள் அதைத்தான் செய்யச் சொன்னார்கள், யாரிடமும் மூச்சு விடாதே என்று. அதைக் கேட்டு ஏதோ ஒரு 118 கிலோ பெண் நடந்து நடந்து, குறையாமல், தன்னையே திட்டிக்கொண்டு படுத்திருப்பாள். அவளுக்காகத்தான் உண்மையைச் சொன்னேன். இல்லை, அவ்வளவு நல்லவள் இல்லை நான். அந்தப் பெண் கேட்ட நேரத்தில் பொய் வாயில் வரவில்லை, அவ்வளவுதான்.

உண்மையில் என் கோபம் அந்த மெசேஜ் மேல்கூட இல்லை என்று நினைக்கிறேன், எழுத எழுதத்தான் தெரிகிறது. கைதட்டல் மேல்தான். எடை குறைந்த பிறகு எல்லாரும் நல்லவர்களாகிவிட்டார்கள். கதவைப் பிடித்துக்கொள்கிறார்கள், பெயரை ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள், மீட்டிங்கில் நான் பேசினால் முடிக்க விடுகிறார்கள். நான் அதே ஆள். அதே மூளை, அதே மொக்கை ஜோக்குகள். முன்பு காது வலி என்று போனால்கூட டாக்டர் காதைப் பார்க்காமலே எடையைக் குறைங்க என்றார். போன வருஷம் அதே காது, அதே வலி, வேறு டாக்டர், விளக்கை வைத்து உள்ளே பார்த்துச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் ஸ்டார்ட் செய்யவே இல்லை. "இப்ப எவ்ளோ அழகா ஆயிட்டீங்க" என்னும்போது நன்றி என்றுதான் சொல்கிறேன், ஆனால் 118 கிலோக்காரி உள்ளேயிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இன்னும் எந்த அறைக்குள் நுழைந்தாலும் அவள்தான் முதலில் கைப்பிடி இல்லாத நாற்காலி எங்கே என்று பார்க்கிறாள்.

மெசேஜ் போட்ட நண்பருக்கு ஞாபகம் இருக்காது. ஐந்து வருஷம் முன்பு லிஃப்ட்டில் நான் நான்காவதாக ஏறினேன், அவர் கடைசியாக, ஓவர்லோடு மணி அடித்தது. கடைசியாக ஏறியவர் இறங்குவதுதானே முறை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், அவரும்தான். இறங்கினேன்.

இந்தத் திங்கட்கிழமை காலை மறுபடி அதே லிஃப்ட், அவரும் இருந்தார், மணி அடித்தது. ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. எல்லாரும் கதவோரம் நின்ற பையனைப் பார்த்தார்கள், கொஞ்சம் பருமனான பையன், புதிதாகச் சேர்ந்தவன், பையைக் கட்டிக்கொண்டு நகரப் போனான். நீ இருப்பா என்று சொல்லிவிட்டு நான் இறங்கிவிட்டேன். மூன்று மாடி, படியில் போனேன்.

கால்சியம் அலாரம் அடிக்கிறது. கமெண்ட்டில் டயட் சார்ட் அனுப்புகிறவர்களை பிளாக் செய்வேன், இப்போதே சொல்லிவிட்டேன்.