கடைசித் தவணை எந்த வயதில்?

வீடு வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் விலையைக் கேட்பதில்லை. வட்டியையும் பிறகுதான் கேட்பேன். முதல் கேள்வி இதுதான்: "கடைசித் தவணை கட்டும்போது உங்களுக்கு என்ன வயசு இருக்கும்?" பெரும்பாலும் உடனே பதில் வராது. அப்போதுதான் விரல் விட்டு எண்ணத் தொடங்குவார்கள்.

நான் எண்ணித்தான் வாங்கினேன். அதுவும் போதவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

38 வயதில் 20 வருடக் கடன். 9 சதவீதம், மாறும் வட்டி. 58-ல் கடன் முடியும், 60-ல் ஓய்வு, நடுவில் இரண்டு வருடம் கையில் காசு சேரும் என்பது என் கணக்கு. தவணை மாதாமாதம் சம்பளக் கணக்கிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்தது. தொகை ஒரு காசுகூட மாறவில்லை. எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்றே இருந்துவிட்டேன். மூன்று வருடம் கழித்து, வேறு ஏதோ தேவைக்காகக் கடன் அறிக்கையை அச்செடுத்து மேசையில் வைத்திருந்தேன். மனைவி எடுத்துப் பார்த்தாள். "ஏங்க, இன்னும் 280 தவணை பாக்கின்னு போட்டிருக்கே? நாம வாங்கினப்பவே மொத்தம் 240 தானே?"

நான் அச்சுப்பிழை என்றேன். இல்லை. வட்டியை 10.5 சதவீதமாக ஏற்றியிருந்தார்கள். தவணைத் தொகையைத் தொடாமல் காலத்தை நீட்டிவிட்டார்கள். அதைச் சொல்லும் மின்னஞ்சல் வந்துதான் இருந்தது, நான் திறக்கவில்லை. பாக்கி இருந்திருக்க வேண்டியது 204 மாதம். ஒன்றரை சதவீத ஏற்றம் அதை 280 ஆக்கிவிட்டது. 58-ல் முடிய வேண்டிய கடன் என் 64-வது வயதுக்குப் போய் நின்றது. ஓய்வு பெற்ற பிறகு நான்கு வருடம், சம்பளம் இல்லாமல் வீட்டுத் தவணை.

இவ்வளவு சின்ன ஏற்றம் இவ்வளவு தூரம் இழுப்பது ஏன் என்று அன்று இரவு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ஒரு லட்சம் கடன், 9 சதவீதம், 20 வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 900. முதல் மாதம் அதில் 750 வட்டிக்குப் போகிறது. அசலில் கழிவது 150தான். பத்து வருடம் தவறாமல் கட்டிய பிறகும் 71,000 பாக்கி நிற்கும். அசலில் பாதி கழிய 14 வருடம் ஆகிறது. தொடக்கத்தில் அசலுக்குப் போகும் பங்கு அவ்வளவு மெல்லியது, வட்டி கொஞ்சம் ஏறினாலும் அதைத்தான் தின்னும். தவணை அப்படியே இருக்கும், காலம் ஓடிவிடும்.

இதே காரணத்தால்தான் தொடக்க வருடங்களில் கூடுதலாகக் கட்டும் பணத்துக்குப் பலம் அதிகம். மேலே சொன்ன அதே கடனில் வருடத்துக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டி வந்தால் மூன்று வருடத்துக்கு மேல் குறைகிறது. அந்தப் பணம் அசலில்தான் கழிகிறதா என்று மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எங்களுக்கு வழி இருந்தது. தவணையைப் 10 சதவீதம் போல ஏற்றினால் 204 மாதத்திலேயே முடித்துவிடலாம். எழுதிக் கொடுத்தால் வங்கி ஏற்றுக்கொள்ளும். ஆனால் அந்தப் 10 சதவீதம் எங்கிருந்து வரும்? அப்போதுதான் தெரிந்தது, எங்கள் மாதச் செலவு எவ்வளவு என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. நான் ஒரு தொகை சொன்னேன், அவள் வேறொன்று சொன்னாள். மூன்று மாதம் நோட்டுப் போட்டு எழுதினோம். இரண்டுமே தப்பு. நாங்கள் நினைத்ததைவிட உண்மை அதிகம்.

விட்டுப்போனவை பெரும்பாலும் மாதம் தவறி வருபவை. காப்பீட்டு பிரீமியம், பள்ளிக் கட்டணம், வீட்டு வரி, கூரை ஒழுகல், வண்டிக்கு டயர். "இந்த மாசம் மட்டும் எதிர்பாராத செலவு" என்று ஒவ்வொரு மாதமும் சொல்லிக்கொண்டிருந்தோம். வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம் வரும் செலவை எதிர்பாராதது என்று சொல்லக் கூடாது என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவற்றையெல்லாம் கூட்டி 12-ஆல் வகுத்து, அந்தத் தொகையைச் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்குக்கு மாற்றினோம். கடன் அட்டைக்கு வட்டி கட்டுவது அதோடு நின்றது. தவணையை ஏற்ற முடிந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

இந்த நோட்டு இல்லாமல் ஓய்வுக்காலத்தைப் பற்றிப் பேசுவதே வீண் என்பேன். "ஓய்வுக்கு எவ்வளவு சேர்க்கணும்?" என்று கேட்பவர்களிடம் மாதச் செலவைக் கேட்டால் சம்பளத்தைச் சொல்கிறார்கள். 72-ஐ ஏற்ற சதவீதத்தால் வகுத்தால் ஏறக்குறைய எத்தனை வருடத்தில் இரட்டிப்பாகும் என்று தெரியும். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் 72-ஐ 6-ஆல் வகுங்கள், 12 வருடத்தில் செலவு இரட்டிப்பு. (இந்த 72 கணக்கை 1494-லேயே இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பாச்சோலி எழுதி வைத்திருக்கிறார்.) 40 வயதில் ஆகும் செலவு 60-ல் மூன்று மடங்கைத் தாண்டும், 80-ல் பத்து மடங்கைத் தாண்டும். வேலைக்குப் போகாத பிறகும் இருபது வருடம் விலை ஏறிக்கொண்டே இருக்கும் என்பதைப் பலர் கணக்கில் வைப்பதே இல்லை.

1994-ல் வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் அமெரிக்கச் சந்தை வரலாற்றை வைத்து ஒரு கணக்குப் போட்டார். முதல் வருடம் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போனாலும் 30 வருடம் தாங்கும் என்றார். அதாவது வருடச் செலவைப் போல 25 மடங்கு வேண்டும். அமெரிக்கக் கணக்கு எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தாது, அதனால் நான் 30 மடங்கு வைத்துக்கொண்டேன். 25 மடங்கே போதும் என்றாலும் மாதச் செலவில் ஒவ்வொரு 100-க்கும் 30,000 சேர்த்து வைத்திருக்க வேண்டும். நோட்டில் ஒரு வரியை அடிப்பதற்கு எவ்வளவு மதிப்பு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"வீடு இருக்கே, அதுதான் என் ஓய்வுக்காலச் சொத்து" என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சொந்த வீடு வாடகையை மிச்சம் பிடிக்கும், அது பெரிய நிம்மதி. ஆனால் மருத்துவச் செலவு வரும் நாளில் ஓர் அறையை மட்டும் விற்க முடியாது. கையிருப்பு அத்தனையையும் முன்பணமாகக் கொட்டிவிட்டு, ஆறு மாதச் செலவுக்குக்கூடப் பணம் இல்லாமல் குடிபோகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த ஆறு மாதக் கணக்கில் தவணையும் அடக்கம் என்பதை மறக்காதீர்கள். வங்கி எவ்வளவு கொடுக்கும் என்பதை வைத்துக் கடன் தொகையை முடிவு செய்யாதீர்கள். அவர்கள் பார்ப்பது உங்கள் சம்பளச் சீட்டை. அம்மாவின் மாத்திரைச் செலவும், தம்பிக்குக் கொடுக்க வேண்டியதும், பிள்ளையின் படிப்பும் அதில் இல்லை.

எங்கள் நோட்டின் முதல் வரி இன்றும் செலவு இல்லை, பாக்கித் தவணை எண்தான். மாதத்தின் கடைசி ஞாயிறு மனைவி அறிக்கையைத் திறந்து பார்த்துப் பென்சிலில் எழுதுவாள். அதற்குப் பிறகும் வட்டி ஏறியது, இறங்கியது. ஏறும்போது தவணையை ஏற்றினோம், இறங்கும்போது குறைக்கவில்லை. போன மாதம் எழுதிய எண் 49. அது முடிந்த மறுமாதத்திலிருந்து அதே தொகை, அதே தேதியில், ஓய்வுக்காலச் சேமிப்புக்குப் போகும்படி இப்போதே எழுதி வைத்திருக்கிறாள்.