நாரையின் அலகை மூடிவிட்டார்கள்

நாற்பது டி-ஷர்ட். அவ்வளவுதான் கேட்டேன். உலகத்துக்கே பனியன் தைத்து அனுப்புகிற திருப்பூரில் இருந்துகொண்டு, நான் கையால் வரைந்த ஒரு பறவைப் படத்தை வரைந்தபடியே அடித்து வாங்க முடியவில்லை என்றால் வயிறு எரியுமா எரியாதா?

ஞாயிறு காலையில் நஞ்சராயன் குளத்துக்குப் பறவை பார்க்கப் போகிற கூட்டம் எங்களுடையது. 2024 ஆகஸ்டில் அந்தக் குளம் ராம்சர் என்கிற உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்ததிலிருந்தே, எல்லோரும் ஒரே மாதிரி டி-ஷர்ட் போட வேண்டும் என்று ஆசை. படம் நத்தைகுத்தி நாரை என்று முடிவானது. அந்த நாரையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வாயை மூடினாலும் மேல் அலகும் கீழ் அலகும் நடுவில் சேராது, சின்னதாக ஒரு இடைவெளி தெரியும். குஞ்சுகளுக்கு அது இருக்காது, வளர வளரத்தான் வரும். அந்த இடைவெளிதான் அதன் அடையாளமே. அது சரியாக வர வேண்டும் என்பதற்காக மட்டும் மூன்று நாள் வரைந்து வரைந்து அழித்திருக்கிறேன். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் போட வேண்டும், செலவு ஏறும் என்பதால் வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்றே நிறத்தில் படத்தை முடித்தேன்.

முதல் நான்கு பட்டறைகளில் நாற்பது பீஸ் என்றதுமே முகம் மாறிவிட்டது. "ஐந்நூறுக்குக் கீழே எடுக்கறதில்லைங்க." சரி, அவர்கள் கஷ்டமும் புரிகிறது. ஃபிலிம் எடுத்து, ஸ்கிரீன் போட்டு, டேபிளில் செட் பண்ணுகிற வேலை நாற்பதுக்கும் நாலாயிரத்துக்கும் ஒன்றுதான். அதனால்தான் ஸ்கிரீன் காசைத் தனியாகத் தருகிறேன், பீஸுக்கு எவ்வளவு கூடுதலோ அதையும் தருகிறேன் என்றேன். ஐந்தாவதாக ஒருவர் ஒத்துக்கொண்டார். ஒரு ரூபாய் பேரம் பேசாமல் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினேன்.

படத்தை ஏ3 அளவில் 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து பென்டிரைவில் கொண்டுபோனால், "அதெல்லாம் எதுக்குங்க, வாட்ஸ்அப்ல போட்டு விடுங்க" என்கிறார்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாகப் போனால் படம் சுருங்கிவிடும், மெல்லிய கோடெல்லாம் பிசிறடிக்கும் என்று எவ்வளவோ சொன்னேன். பென்டிரைவை வாங்கி மேசையில் வைத்தார்கள். திறக்கவே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. விலை கேட்கும்போது சும்மா பார்ப்பதற்காக நான் அனுப்பிய போட்டோவை எடுத்து, கம்ப்யூட்டரில் கோரல்டிரா என்கிற டிசைன் சாஃப்ட்வேரில் அதன் மேலேயே கோடு இழுத்து ட்ரேஸ் செய்திருக்கிறார்கள்!

அடிப்பதற்கு முன்னால் ஒரு சாம்பிள் காட்டுங்கள் என்று மூன்று தடவை கேட்டேன். "சின்ன ஆர்டருக்கு அதெல்லாம் கட்டுபடியாகாதுங்க." ஸ்கிரீன் தயாரான பிறகு ஒரு கட் பீஸில் ஒரு இழுப்பு இழுத்து, போனில் படம் பிடித்து அனுப்ப எவ்வளவு நேரம் ஆகிவிடும்? இதே ஊரில் ஏற்றுமதி ஆர்டர் என்றால் ஸ்ட்ரைக் ஆஃப், அதாவது சாம்பிள் பிரிண்ட், அடித்து அனுப்பி, பையர் சரி என்று சொல்லும் வரை ஒரு பீஸைத் தொட மாட்டார்கள். வெளிநாட்டுக்காரனுக்குக் காட்டுகிற அந்த அக்கறையில் நூறில் ஒரு பங்கு, கையில் காசு வைத்துக்கொண்டு எதிரில் நிற்கிற உள்ளூர்க்காரனுக்குக் கிடையாதா?

மூட்டையைப் பிரித்தேன். பச்சைத் துணியில் நாரை நிற்கிறது. அலகு மூடியிருக்கிறது. நான் விட்டிருந்த இடைவெளியைச் சாம்பல் மையால் அடைத்துவிட்டார்கள். இறகில் ஒவ்வொன்றாக இழுத்த கோடுகள் எல்லாம் சேர்ந்து ஒரே திட்டு. நாற்பதிலும் அப்படியே. டிசைன் செய்த தம்பியைக் கேட்டால், "அங்க லைன் விட்டுப்போயிருந்துச்சு சார், நான்தான் ஜாயின் பண்ணேன்" என்கிறான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை, நல்லது செய்வதாகத்தான் நினைத்திருக்கிறான். ஆனால் அடுத்தவன் வரைந்த படத்தில் கை வைக்கும் முன் ஒரு போன் பண்ணிக் கேட்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லையே! முதலாளி அதற்கும் மேலே போய்விட்டார். "ஒரு பறவை மூக்குல இத்துனூண்டு, யாருங்க பார்க்கப் போறாங்க?" பார்ப்பார்கள் ஐயா, போட்டுக்கொள்ளப் போகிற நாற்பது பேரும் பார்ப்பார்கள். வாராவாரம் பைனாகுலரை வைத்துக்கொண்டு அந்த மூக்கைத்தான் பார்க்கிறோம்.

ஒரு தடவை துவைத்ததிலேயே கறுப்பு மை வெடித்துவிட்டது, அதாவது மையைச் சூடேற்றிப் பதிய வைக்கிற க்யூரிங்கும் ஒழுங்காகச் செய்யவில்லை. பிளாஸ்டிசால் மை 160 டிகிரி பக்கம் சூடேறினால்தான் துணியில் நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியாததா என்ன? வரைந்தவன் பேர் கெடுகிற மாதிரி படைப்பைச் சிதைத்தால் தட்டிக்கேட்கிற உரிமை 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவில் இருக்கிறது, ஆனால் நாற்பது பனியனுக்காக யார் கோர்ட்டுக்கு அலைவது? அந்தத் தைரியத்தில்தான் பீஸுக்குப் பத்து ரூபாய் குறைத்துக்கொள்கிறேன் என்று முதலாளி சாதாரணமாகச் சொல்கிறார்.

எங்களோடு வருகிற ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் நேற்று ஒரு டி-ஷர்ட்டைக் கையில் எடுத்தான். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது குஞ்சா?" என்று கேட்டான்.

எனக்குப் பத்து ரூபாய் வேண்டாம். நாளைக்கு மூட்டையோடு மறுபடி போகிறேன். பென்டிரைவைத் திறந்து, புது ஸ்கிரீன் போட்டு, என் கண் முன்னால் ஒரு கட் பீஸில் அடித்துக் காட்டும் வரை அந்தப் பட்டறையை விட்டு நகர மாட்டேன்.