விடை தெரிந்த கேள்விக்கு எதற்குக் கட்டுரை?

சிங்கப்பூரில் உயர்நிலை ஒன்றில் படிக்கும் என் மகள் போன மாதம் தமிழ்க் கட்டுரை ஒன்றைக் காட்டினாள். தலைப்பு 'பிளாஸ்டிக் பைகளின் தீமைகள்'. ஒரு பிழை இல்லை. 'கண்ணை இமை காப்பதுபோல் இயற்கையைக் காப்போம்' என்று முடித்திருந்தாள். துணைப்பாட வகுப்பில் மனப்பாடம் செய்த வரி.

"இதில் நீ என்னம்மா நினைக்கிறே?" என்றேன்.

"நினைக்கச் சொல்லலையேம்மா."

உண்மைதான். தலைப்பே தீமை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. பிள்ளைக்கு மிச்சம் என்ன இருக்கிறது? 1997இல், பிரதமர் கோ சோக் டோங் சிந்திக்கும் பள்ளிகள் வேண்டும் என்று பேசியபோது நானும் அவள் வயதுதான். நானும் இதே மாதிரி முடிவுரைதான் எழுதினேன்.

சரி, கேள்வியை மாற்றிப் பார்ப்போம் என்று தோன்றியது. 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் ஒரு பைக்குக் குறைந்தபட்சம் 5 காசு கட்டணம். 'இந்த 5 காசு நம் வீட்டில் எதை மாற்றியது? பாட்டியிடம் கேட்டு எழுது. அவர் சொல்வதில் உனக்கு ஒப்பாததை, "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று அவரே ஏற்கும்படி எழுது. அப்புறம் உன் பதிலை எழுது.'

பாட்டி விடவில்லை. "பை இல்லாம ஈரக் குப்பையை எதுல கட்டிப் போடறது? கரப்பான் வரும்." இப்போது குப்பைக்கென்றே தனியாகப் பை வாங்குகிறார். டெக்கா சந்தையில் மீன்காரர் இன்னும் சும்மாவே பை தருகிறார். மகள் குழம்பிவிட்டாள். அப்படியென்றால் பை குறைந்ததா, இல்லையா? யாரும் சொல்லாமலே, வீட்டுக்கு வரும் பைகளை ஒரு வாரம் எண்ணினாள்.

"தமிழே தட்டுத்தடுமாறி வருகிறது, இதில் சிந்தனை வேறா?" என்று சில பெற்றோர் கேட்பார்கள். நான் வீட்டில் பார்த்தது வேறு. பாட்டியிடம் வாதாட அவளுக்குத் தமிழ் தேவைப்பட்டது. 'சமாளிக்கிறார்' என்று எழுதலாமா, மரியாதைக் குறைவா என்று என்னிடம் வந்து கேட்டாள். மாதிரிக் கட்டுரையில் எந்தச் சொல்லுக்கும் அவள் இப்படித் தயங்கியதில்லை.

ஆசிரியர்களுக்கு நேரம் இல்லை என்பது தெரியும். நான்கு கட்டுரைகளில் ஒன்றையாவது இப்படிக் கொடுங்கள். முதல் வரைவையும் இரண்டாவதையும் சேர்த்து வாங்கி, கருத்து மாறிய இடத்துக்கும் மதிப்பெண் போடுங்கள்.

நேற்று பாட்டிக்குப் படித்துக் காட்டினாள். "மீன்காரரைப் பத்திச் சொன்னதை விட்டுட்டியே" என்றார். இப்போது மூன்றாவது வரைவு எழுதிக்கொண்டிருக்கிறாள்.