மயிரிழையில் தவறிய பிள்ளைக்கு ஏன் கூடுதல் ஏச்சு?

பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்ததும் எங்கள் கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளில் நடப்பதைக் கவனித்திருப்பீர்கள். மூன்று பாடமும் கைவிட்ட பிள்ளையைப் பெரிதாக ஏசமாட்டார்கள். "சரி, அவனுக்கு இது சரிவராது" என்று வேறு வழி பார்ப்பார்கள். பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்ற பிள்ளைக்குத்தான் முழு ஏச்சும். "இன்னும் கொஞ்சம் படிச்சிருந்தா மொறட்டுவைக் கம்பஸ் கிடைச்சிருக்கும்." "அந்தப் போனை வை எண்டு அப்பவே சொன்னன்." வருகிற மாமி, சித்தப்பா எல்லோரும் அதையே சொல்லிவிட்டுப் போவார்கள். கிட்ட வந்த பிள்ளைக்குத்தான் அடி அதிகம். இது பெரிய அநியாயம்.

வெவ்வேறு பாடங்களின் புள்ளிகளை ஒப்பிடக்கூடியதாக மாற்றிக் கணக்கிடுகிற இசட் புள்ளியை வைத்துத்தான் அனுமதி, அதை நான்கு தசம தானம் வரை பார்க்கிறார்கள். கொழும்பு மாவட்டத்தில் போட்டி கடுமை, வெட்டுப்புள்ளியும் ஏறித்தான் நிற்கும். இரண்டாம் தசமத்தில் தவறியவனுக்கும் உள்ளே போனவனுக்கும் திறமையில் என்ன வித்தியாசம்? நான் இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன், அதனால் சொல்கிறேன். ஒரு வினாத்தாளுக்கு 1000 புள்ளி. முதற் பகுதியில் பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 25. அடுத்த பகுதியில் ஏழில் ஐந்து செய்ய வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 150. நிலையியல் கணக்கில் விசைகளைப் படத்தில் குறிக்காமல் நேரே சமன்பாட்டுக்குப் பாய்கிற பிள்ளைகள் எத்தனை பேர்! ஒரு விசை விடுபட்டால் கீழே எழுதியது முழுக்கப் பிழை. சில பிள்ளைகள் ஒரே கேள்வியில் முக்கால் மணித்தியாலம் நின்றுவிட்டு, நன்றாகத் தெரிந்த இன்னொன்றை நேரமில்லாமல் பாதியில் விடுவார்கள். இவை கண்டுபிடிக்கக்கூடிய ஓட்டைகள், அடைக்கக்கூடியவை. அதனால்தான் மயிரிழையில் தவறுவது திரும்ப எழுதுவதற்கு நல்ல காரணம் என்கிறேன்.

2019இல் யாங் வாங், பெஞ்சமின் ஜோன்ஸ், டாஷுன் வாங் ஆகிய மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களிடம் ஆராய்ச்சி நிதி கேட்ட இளம் விஞ்ஞானிகளில், எல்லைக்கோட்டுக்குச் சற்று மேலே நின்று நிதி பெற்றவர்களையும் சற்றுக் கீழே நின்று தவறியவர்களையும் ஒப்பிட்டார்கள். தவறியவர்களில் ஒரு பகுதியினர் அந்தத் துறையில் நிதி கேட்பதையே நிரந்தரமாக விட்டுவிட்டார்கள். விடாமல் நின்றவர்களோ அடுத்த பத்து ஆண்டுகளில் நிதி கிடைத்தவர்களை விட அதிகம் பேசப்பட்ட கட்டுரைகளை எழுதியிருந்தார்கள். பலவீனமானவர்கள் விலகியதால்தான் மிச்சப்பேர் நல்லவர்களாகத் தெரிகிறார்களோ என்றும் பார்த்தார்கள். அதை மட்டும் வைத்து விளக்க முடியவில்லை. இதில் அந்த விலகிப்போனவர்கள்தான் என்னை உறுத்துகிறார்கள். எங்கள் வீடுகளின் ஏச்சு எத்தனை பிள்ளைகளை அந்தப் பக்கம் தள்ளியிருக்கும்?

எல்லா நெருக்கமும் ஒன்றல்ல, அதையும் சொல்ல வேண்டும். காலி வீதியில் வாங்கிய லொத்தர் சீட்டு ஒரு இலக்கத்தில் தவறினால் அது கிட்ட வந்ததே அல்ல, அடுத்த சீட்டுக்கு அது எதையும் சொல்லித் தராது. பரீட்சை அப்படியில்லை. கிரிக்கெட்டும் அப்படியில்லை. 2007, 2009, 2011, 2012 என்று நான்கு உலகக் கிண்ண இறுதியாட்டங்களில் இலங்கை தோற்றது. 2012இல் எங்கள் பிரேமதாச மைதானத்திலேயே வேகப்பந்து வீச்சாளர் மாலிங்க நான்கு ஓவரில் 54 ஓட்டம் கொடுத்தார். 2014இல் டாக்காவில் நடந்த இருபது ஓவர் உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் அதே மாலிங்கதான் தலைவர். இந்தியாவுக்குக் கடைசி நான்கு ஓவர்களில் கிடைத்தது 19 ஓட்டம் மட்டுமே. இறுதி ஓவர்களில் அடிவாங்கிய அணி, இறுதி ஓவர்களாலேயே கிண்ணத்தை எடுத்தது.

வீட்டுக்கு உடனே சம்பளம் தேவைப்படுகிற பிள்ளை, வேறு படிப்பில் மனம் போன பிள்ளை, இவர்களைப் பிடித்து இருத்த வேண்டாம். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைதான் எழுதலாம். ஆனால் ஆசையும் இருந்து கிட்டவும் வந்த பிள்ளைக்கு இரண்டாம் தடவையைத் தண்டனை மாதிரிக் கொடுக்காதீர்கள். அதே ரியூசன், அதே நோட்ஸ், அதே நேரசூசி என்று அனுப்பவும் வேண்டாம். முதலில் அந்த வினாத்தாளைத் திரும்ப எடுத்து, மணிக்கூட்டை வைத்து, புள்ளி எங்கே போனது என்று பிள்ளையோடு இருந்து பாருங்கள். மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிப்பதென்றால் தாராளமாக விண்ணப்பியுங்கள். அதன் முடிவு வரும்வரை புத்தகத்தை மூடி வைக்க மட்டும் விடாதீர்கள்.