மாத்திரை வாங்கியாச்சு, செக்கப் ஆச்சா?

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் எந்தத் தெருவில் கேட்டாலும் இதே பதில்தான். "ஆயா, செக்கப் போனீங்களா?" "போன வாரம்தான் மாத்திரை வாங்கினேனேப்பா." மாத்திரை வாங்குவதையே செக்கப் என்று நம் பெரியவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வட சென்னையில் எனக்கு ரொம்பக் கவலை தரும் விஷயம் இது.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அருமையான திட்டம். படி இறங்க முடியாதவருக்குப் பிரஷர், சுகர் மாத்திரை வாசலுக்கே வருகிறது. ஆனால் சர்க்கரை உள்ளவருக்கு விழித்திரை, சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பாதத்தின் உணர்ச்சி, இந்த நான்கையும் வருடம் ஒருமுறையாவது பார்த்தாக வேண்டும். மாத்திரை வீடு தேடி வந்துவிடுவதால் ஆஸ்பத்திரிக்குப் போகும் பழக்கமே விட்டுப்போய், இந்த நான்கும் நின்றுவிடுகின்றன.

பாதப் பரிசோதனை என்றால் மெல்லிய நைலான் இழையை உள்ளங்காலில் அது வளையும் வரை அழுத்தி, தெரிகிறதா என்று கேட்பதுதான். ஒரு நிமிட வேலை. வெறுங்காலோடு மீன் மார்க்கெட்டில் நிற்பவருக்கு அந்த ஒரு நிமிடம் காலையே காப்பாற்றும். டாக்டர் கேட்காவிட்டாலும் செருப்பைக் கழற்றிக் காட்டுங்கள்.

அதிகம் தப்பு நடப்பது வெறும் வயிற்றில் எடுக்கும் சுகர் டெஸ்டில். 8 மணி நேரம் சாப்பிடக் கூடாது, தண்ணீர் மட்டும் குடிக்கலாம். சிலர் சுகர் மாத்திரையைக் காலையில் வழக்கம்போலப் போட்டுக்கொண்டு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியின் ஓபி (வெளிநோயாளி) வரிசையில் பதினோரு மணி வரை நிற்கிறார்கள். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கி வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறும். கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு என்ற சுகர் மாத்திரைகளைப் போடுபவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். அப்படி ஆனால் உடனே 3 டீஸ்பூன் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இன்னும் சிலர் "உண்மையான அளவு தெரியட்டும்" என்று இரண்டு நாள் மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகிறார்கள். அளவு எகிறியிருப்பதைப் பார்த்து டாக்டர் டோஸை ஏற்றிவிடுவார். சரியான முறை இதுதான்: முந்தைய நாள் வரை எல்லா மாத்திரையும் வழக்கம்போல. அன்று காலை பிரஷர் மாத்திரையைத் தண்ணீரோடு போடலாம். சுகர் மாத்திரை, இன்சுலின் இரண்டும் ரத்தம் கொடுத்த பிறகு சாப்பாட்டோடு. சாப்பிட்ட பிறகு கொடுக்கும் அடுத்த ரத்தத்துக்கான 2 மணி நேரம், சாப்பிடத் தொடங்கியதிலிருந்து கணக்கு.

பிரஷரும் உட்கார்ந்து மட்டும் பார்த்தால் போதாது. 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து ஒருமுறை, எழுந்து நின்று 3 நிமிடத்துக்குள் மறுமுறை. மேல் எண் 20 குறைந்தாலோ கீழ் எண் 10 குறைந்தாலோ டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். ராத்திரி பாத்ரூம் போக எழும்போது விழுந்து இடுப்பு உடைவதற்கு இது முக்கியக் காரணம். சிறுநீர் அடைப்புக்குத் தரும் டாம்சுலோசின் மாத்திரையும் பிரஷரை இப்படிக் குறைக்கும்.

போகும்போது வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். அரசு ஆஸ்பத்திரி அட்டையில் மருந்தின் பெயர், தனியார் மருந்துக் கடை அட்டையில் கம்பெனி வைத்த பெயர். உள்ளே இருப்பது ஒரே மருந்து என்று தெரியாமல் இரண்டையும் விழுங்குபவர்கள் நிறைய. "சின்னது, வெள்ளை மாத்திரை" என்று சொன்னால் எந்த டாக்டருக்கும் புரியாது. கம்பெனிப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும், பேரப்பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.