அட்வான்ஸ் யாருடைய பணம்?

வீட்டைக் காலி செய்துவிட்டு அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கக் கூச்சப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்கவில்லை. ஏதோ கைமாற்றுக் கேட்கப் போன மாதிரி, "உங்களுக்கு எப்போ சௌகரியமோ அப்போ குடுங்க சார்" என்று இழுக்கிறார்கள். என்ன சௌகரியம்? வாடகை பாக்கிக்கும் சேதத்துக்கும் ஈடாக வீட்டுக்காரரிடம் இருந்த பணம் அது. இரண்டும் இல்லையென்றால் முழுசாகத் திரும்பி வரவேண்டியதுதானே.

சேதம் இருக்கிறதா, அதற்கு எவ்வளவு பிடிக்கலாம் என்று முடிவு செய்வதும் வீட்டுக்காரர், பணத்தைக் கையில் வைத்திருப்பதும் அவரே. சிக்கல் முழுக்க இங்கேதான் இருக்கிறது, அவர் நல்லவரா கெட்டவரா என்பது இரண்டாம் பட்சம். பல சமயம் அந்தப் பணம் எப்போதோ செலவாகியிருக்கும். "புது ஆள் வந்ததும் தர்றேன்" என்றால், அடுத்தவர் கொடுக்கும் அட்வான்ஸை வாங்கித்தான் உங்களுக்குத் தரப்போகிறார் என்று அர்த்தம். வீடு காலியாகக் கிடந்தால் அது அவர் கவலை, அதற்கு உங்கள் பணம் ஏன் காத்துக்கிடக்க வேண்டும்?

அப்புறம் இந்தப் பெயிண்ட். காலி செய்கிற அன்று பீரோவை நகர்த்தினால் பின்னால் ஒரு செவ்வகம் மட்டும் புதுச்சுவர் போலப் பளிச்சென்று இருக்கும், சுற்றிலும் மங்கியிருக்கும். உடனே அதைக் காட்டி, "பாருங்க, சுவரை எப்படி ஆக்கி வச்சிருக்கீங்க" என்பார்கள். சுவர் என்றால் மங்கத்தான் செய்யும். ஆள் வாழ்ந்தால் கதவுக் கைப்பிடியைச் சுற்றிக் கறுக்கும், நடந்த இடத்தில் தரை தேயும், அந்தத் தேய்மானத்துக்கும் சேர்த்துத்தான் மாதாமாதம் வாடகை கொடுத்தோம். உடைந்த வாஷ்பேசினும் பெயர்ந்த டைல்ஸும் வேறு கணக்கு, அதைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். அதில்கூடப் பழைய பொருளுக்குப் புதுசின் விலையைப் பிடிப்பது நியாயமில்லை. ஆறு வருஷம் தாங்கும் பெயிண்டில் நான்கு வருஷம் ஓடிவிட்டது என்றால், பிள்ளைகள் சுவர் முழுக்கக் கிறுக்கியே வைத்திருந்தாலும், மிச்சமிருக்கும் இரண்டு வருஷத்துக்குத்தான், அதாவது மூன்றில் ஒரு பங்குதான், நம் தலையில் வரும்.

ஒரு வீட்டுக்காரர் என்னிடம் ஒரு துண்டுச்சீட்டை நீட்டினார். பெயிண்ட், பிளம்பிங், இதர. கீழே மொத்தமாக ஒரு தொகை. "இதர"வில் என்னென்ன வரும் என்று கேட்டேன், பில் இருந்தால் கொடுங்கள் என்றேன். "அப்ப என்னை நம்பமாட்டீங்களா?" என்று முகம் சிவந்துவிட்டது. நம்பிக்கைக்கும் பில்லுக்கும் என்ன சம்பந்தம்! மறுநாள் வந்த சீட்டில் இதரவைக் காணவில்லை.

இதையெல்லாம் மனிதர்களின் பெருந்தன்மைக்கு விடாமல் சட்டமாகவே போட்ட இடங்கள் உண்டு. ஜெர்மனியில் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்க முடியாது, அதையும் வீட்டுக்காரர் தன் பணத்தோடு கலக்காமல் தனியாகப் போட்டு வைக்கவேண்டும், வட்டி குடியிருப்பவருக்கு. இங்கிலாந்தில், வாங்கிய 30 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் சேர்க்கவேண்டும், தவறினால் மூன்று மடங்கு வரை அபராதம் விழலாம். கலிபோர்னியாவில் காலி செய்த 21 நாளுக்குள் பணமோ, எதற்கு எவ்வளவு பிடித்தோம் என்ற பட்டியலோ கைக்கு வரவேண்டும். இந்தியாவில் 2021-இல் வந்த மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாத வாடகைதான் உச்சம் என்கிறது. ஆனால் அது மாதிரிச் சட்டம், மாநிலம் ஏற்றுக்கொண்டால்தான் செல்லும்.

வீட்டை நாசம் செய்துவிட்டுப் போகிற குடித்தனக்காரர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். அதனால்தான் ஆதாரம் இரண்டு தரப்புக்கும் நல்லது. சாமான் இறக்கும் முன்பே ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து, குழாய், டைல்ஸ் விரிசல், மீட்டர் ரீடிங் எல்லாம் தெரிகிற மாதிரி அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள், தேதி தானாக நிற்கும். காலி செய்யச் சில வாரம் முன்பே அவரைக் கூப்பிட்டு வீட்டைச் சுற்றிக் காட்டி, எதைச் சரிசெய்யணும் என்று கேட்டுவிடுங்கள். நாமே ஆளைப் பிடித்துச் செய்தால் பாதிச் செலவில் முடியும்.

"கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழிச்சுக்கோங்க" என்று வாயால் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை, எழுத்தில் அவர் சம்மதம் இல்லையென்றால் அது வாடகை பாக்கியாகத்தான் நிற்கும். சாவியைக் கொடுக்கும்போதும் ஒரு வரி எழுதி வாங்குங்கள், சாவி பெற்ற தேதி, மீட்டர் ரீடிங், தரவேண்டிய பாக்கி, தரும் நாள். பெயிண்டுக்குத் தகராறு என்றால் பெயிண்ட் தொகையை மட்டும் நிறுத்தி வைக்கட்டும், மீதியை அன்றே கேளுங்கள். அதைக் கொடுக்கும்போது "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள், வாங்கிய தொகையை மட்டும் எழுதிக் கொடுங்கள்.