ஒன்பதரைக்கு ஆல்பம், பன்னிரண்டுக்குத் தீர்ப்பு

2024 ஏப்ரல் 19. அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டின் 'த டார்ச்சர்ட் போயட்ஸ் டிபார்ட்மென்ட்' நம் கடிகாரப்படி காலை 9:30க்கு வந்தது. 16 பாட்டு. சரி என்று கேட்டு முடித்து மூச்சு விடுவதற்குள், 11:30க்கு இன்னொரு 15 பாட்டை இறக்கிவிட்டார் அந்தம்மா. ஆக 31 பாட்டு, இரண்டு மணி நேரத்துக்கும் மேல். காதை எடுக்காமல் கேட்டிருந்தால்கூட பன்னிரண்டரை ஆகியிருக்கும். ஆனால் பன்னிரண்டு அடிக்கும் முன்பே என் போனில் ரீல் போடுகிறவர்களின் தீர்ப்புகள் வரிசைகட்டி நின்றன. "இந்த வருஷத்தோட பெஸ்ட்." "மரண மொக்கை." "பத்துக்கு ஒன்பதரை." எப்படிய்யா? எந்தக் காதால் கேட்டீர்கள்?

யாரோ எதையோ உளறிவிட்டுப் போகட்டும் என்று விடலாம்தான். என்னால் முடியவில்லை. கோத்தகிரியில் நான் இருக்கும் பக்கம், ஜன்னலை ஒட்டி நின்றால்தான் சிக்னல். காற்றும் மழையும் சேர்ந்த நாளில் முதலில் கரண்ட் போகும், பின்னாலேயே டவரும் போகும். நினைத்த நேரத்தில் பாட்டைத் தட்டிக் கேட்கும் வசதி இங்கே கிடையாது. ராத்திரி போனை ஜன்னல் கட்டையில் வைத்து ஆல்பத்தை இறக்கிக்கொண்டு, மறுநாள் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் கேட்க வேண்டும். எதை இறக்குவது, எதை விடுவது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. விமர்சகர் என்று ஒருவர் இருப்பதே அதற்குத்தானே! "வேற லெவல் ப்ரோ, கூஸ்பம்ப்ஸ்" என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? புல்லரித்தது உன் கை. பாட்டில் என்ன இருக்கிறது, அதைச் சொல்.

எலக்ட்ரானிக் ஆல்பம் வந்தால் கொடுமை இன்னும் அதிகம். ஒரு தம்பி போனைக் கையில் பிடித்து, அதன் ஸ்பீக்கரிலேயே போட்டுக் காட்டி, "பேஸ் எப்படி அடிக்குது பாருங்க" என்கிறார். அந்த வகை இசையில் அடித்தளமாக ஓடும் பேஸ், அதாவது ரொம்பத் தாழ்ந்த ஒலி, 40, 50 ஹெர்ட்ஸில் இருக்கும். விரல் நகம் அளவு இருக்கும் போன் ஸ்பீக்கரால் அதை எழுப்பவே முடியாது. அது கொடுப்பது மேலே மிதக்கும் கிலுகிலுப்பை மட்டும். பாட்டின் பாதி வரவே இல்லை; வராத பாதிக்குத்தான் அவர் மதிப்பெண் போடுகிறார். ஹெட்போன் போட்டவர்களாவது ஒழுங்கா என்றால், காப்பிரைட் வந்துவிடும் என்று பத்து வினாடிக்கு ஒருமுறை பாட்டை நிறுத்தி முகத்தைச் சுளித்துக் காட்டுகிறார்கள். நிறுத்தி நிறுத்திக் கேட்டால் டெக்னோ என்ற எலக்ட்ரானிக் நடன இசையில் என்ன மிஞ்சும்? சின்னச் சின்ன மாற்றத்தோடு ஒரே தாளம் ஆறு நிமிடம் ஏறிக்கொண்டே போவதுதானே அதில் விஷயம்!

அதே ஆண்டு மே மாதம் இன்னொரு அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷ் 'ஹிட் மீ ஹார்ட் அண்ட் சாஃப்ட்' வெளியிட்டார். பத்தே பாட்டு. முழுசாகக் கேட்கட்டும் என்று முன்கூட்டி ஒரு பாட்டைக்கூடத் தனியாக, சிங்கிளாக விடவில்லை. அதில் 'லாமூர் த மா வீ' என்று ஒரு பாட்டு. முதல் பாதி மெதுவாக, பழைய காலத்து ஓட்டல் மேடையில் பாடுவது போலப் போகும். நடுவில் சட்டென்று உடைந்து, குரலெல்லாம் மெஷினுக்குள் போய், வேகமான சிந்தசைசர் டான்ஸாக மாறும். அந்தத் திருப்பம் பொருந்தியதா, ஒட்டாமல் நிற்கிறதா? இதைத்தானே விமர்சனம் பேச வேண்டும். (எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் மாறிய பிறகு கொஞ்சம் நீளம்.) நான் பார்த்த ரீல்களில் முதல் பாதியின் அரை நிமிடம் மட்டும் ஓடியது, மேலே எழுத்து: "ஊட்டி கிளைமேட்டுக்குப் பக்கா."

இந்த 'ஊட்டி கிளைமேட்' சங்கதியை யாராவது தடை செய்தால் தேவலை. தாளம் மெதுவாக இருந்தால் ஊட்டி வைப். கொஞ்சம் எக்கோ இருந்தால் கொடைக்கானல் மிஸ்ட். ஆல்டர்நேட்டிவ் ராக்கோ, ஆம்பியன்ட்டோ, எல்லாம் ஒரே டப்பா. பனி மூடிய கொண்டை ஊசி வளைவில் நாங்கள் ஹெட்போன் மாட்டுவதே இல்லை, சாமி. எதிரே வரும் இலை லாரியின் ஹார்னையும், ரோட்டோரம் நிற்கும் காட்டெருமையின் மூச்சையும்தான் காது தேடும்.

சம்பளம் வாங்கி விமர்சனம் எழுதியவர்களும் தப்பு செய்திருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. பிரெஞ்சு எலக்ட்ரானிக் ஜோடி டாஃப்ட் பங்கின் 'டிஸ்கவரி' ஆல்பத்துக்கு 2001இல் பிட்ச்ஃபோர்க் என்ற அமெரிக்க இசை விமர்சனத் தளம் கொடுத்தது பத்துக்கு 6.4. இருபது வருஷம் கழித்து, 2021இல் அவர்களே அதைப் பத்தாக மாற்றினார்கள். உட்கார்ந்து கேட்டு எழுதுகிறவர்களுக்கே இருபது வருஷம் ஆகிறது. நம் ஆட்களுக்கு இருபது நிமிடம் போதும். அந்த பிட்ச்ஃபோர்க்கையும் 2024 ஜனவரியில் ஆட்களைக் குறைத்து ஜிக்யூ என்ற ஆண்கள் பத்திரிகைக்குள் சேர்த்துவிட்டார்கள்.

சரி, ஒருவர் பொறுமையாகக் கேட்டு நேர்மையாக எழுதினால் விடுகிறார்களா? ரசிகர் படை கிளம்பிவிடும். அந்த 31 பாட்டு ஆல்பத்துக்கு பேஸ்ட் என்ற அமெரிக்கப் பத்திரிகை விமர்சனம் எழுதியபோது எழுதியவரின் பெயரையே போடவில்லை. 2019இல் ஸ்விஃப்ட்டின் முந்தைய ஆல்பம் ஒன்றைக் குறை சொன்னவருக்கு மிரட்டல் வந்ததாம், அதனால்தான் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். பாட்டு சுமார் என்றதற்கு! இங்கேயும் அதே கதைதான். சினிமாவுக்கு வெளியே வந்த ஒரு தமிழ் இண்டி பாட்டில் ஆட்டோட்யூன், அதாவது குரலின் சுருதியைத் திருத்தும் மென்பொருள், தூக்கலாக இருக்கிறது என்று இரண்டு வரி எழுதினேன். வந்த பதில்: "நீ முதல்ல ஒரு பாட்டு போட்டுக் காட்டு." இட்லி கல்லு மாதிரி இருக்கிறது என்று சொல்ல நான் ஓட்டல் நடத்த வேண்டுமா?

பக்கத்து ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், ஒரு கல்யாணம். கீபோர்டு, எலக்ட்ரானிக் தாளம் எல்லாம் வைத்துப் புதிதாகச் செய்த படுகப் பாட்டு ஒன்றைப் போட்டார்கள். வட்டத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒரு ஹெத்தை (பாட்டி) பாதியில் வெளியே வந்து உட்கார்ந்துவிட்டார். ஏன் என்றதற்கு, "தாளத்தை ஓட்டிட்டான், கால் தரையில் நிக்கறதுக்குள்ள அடுத்த அடி வந்துடுது" என்றார். இதுதான் விமர்சனம். எந்த இடம், என்ன கோளாறு, அதனால் என்ன ஆனது, மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டது. பத்துக்கு எத்தனை என்று அவர் சொல்லவே இல்லை.

அதனால், ரீல் போடும் தம்பிகளே, தங்கைகளே, முதலில் ஹெட்போனை மாட்டுங்கள். கடைசிப் பாட்டு வரை போங்கள். ஒரு ராத்திரி தூங்கி எழுந்து இன்னொரு தடவை கேளுங்கள். அதற்கெல்லாம் நேரமில்லை என்றால், தயவுசெய்து பின்னணியில் தேயிலைத் தோட்டத்தைப் போட்டு 'ஊட்டி' என்று எழுதுவதையாவது விடுங்கள். பாதி வீடியோவில் அது மூணாறு.